மேலெல்லை இல்லாத வீடு

சாவி கைக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. பைக்குள் போட மனசே வரவில்லை. முந்தானை முனையில் முடிந்துகொண்டு அலைகிறேன். தை பிறந்துதான் பால் காய்ச்சப் போகிறோம். அதற்கு முன்னால், சொந்தக்காரர்கள்கூட இன்னும் பார்க்காத வீட்டை உங்களுக்குத் திறந்து காட்டப் போகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாங்க. கூடம், சமையலறை எல்லாம் அப்புறம். நேரே நடங்க. அதோ அந்தக் கதவைத் தள்ளுங்க. படி கொஞ்சம் உயரம், பார்த்துக் காலை வையுங்க.

வந்துவிட்டோம்!

சென்னை மந்தைவெளியில், நான்காவது மாடியில், 780 சதுர அடி மொட்டை மாடி. எங்கள் வீட்டுக் கதவைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது. வடக்கே திரும்புங்க: தென்னை மட்டைகளுக்கு நடுவில் தெரிகிறதே, அது கபாலீசுவரர் கோயில் ராஜகோபுரம். கொஞ்சம் வலப்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாகக் கலங்கரை விளக்கம். இன்னும் வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கூர்முனை. கடல் தெரியாது. ஆனால் காற்று வந்து சொல்லிவிடும். மேற்கே, வீட்டுக்குப் பின்னால் கடகடவென்று கேட்கிறதே, அது பறக்கும் ரயில்.

வீட்டுக்குள்ளே மொத்தம் 1,020 சதுர அடிதான். இரண்டு படுக்கையறை, சின்னச் சமையலறை. வெளியே வந்தால் அதில் முக்கால் பங்கு வானம்! நகரத்துக்கு நடுவில் இது எப்படிக் கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று அடியிலிருந்து நுனிவரை சொல்லப் போகிறேன்.

இருபத்தேழு வீடும் ஒரு வரைபடமும்

பதினான்கு மாதம் தேடினோம். இருபத்தேழு வீடு பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இட்லி சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பது, மத்தியானம் வெயிலில் வதங்கித் திரும்புவது. என் கணவருக்கு ரயில் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். எட்டாவது படிக்கும் மகளுக்கு நட்சத்திரம் பார்க்க இடம் வேண்டும். அத்தைக்கு வடாம் காயவைக்க வெயில் வேண்டும். எனக்கு இவை மூன்றும் ஒரே வீட்டில் வேண்டும்.

பதினோராவது வீட்டில் நெஞ்சைப் பறிகொடுத்தோம். தரகர் எங்களைப் படியேற்றி உச்சி மாடிக்குக் கூட்டிப்போனார். கைகளை விரித்துச் சொன்னார்: “மேடம், இந்த மாடி முழுசும் உங்களுக்குத்தான். சாவியே உங்ககிட்டதான் இருக்கும். மத்தவங்க யாரும் வர மாட்டாங்க.” மகள் அங்கேயே ஓடிப்போய், தொலைநோக்கியை எங்கே வைப்பது என்று இடம் பார்த்துவிட்டாள்.

அன்று இரவு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை மேஜையில் விரித்தோம். அந்த மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிப்ட் அறை, மேலே இரண்டே சொல்: பொது மாடி. 2016-ம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், எல்லாரும் ‘ரெரா’ என்கிறோமே, அது பொதுப் பகுதிகளைப் பட்டியலிடும்போது மாடியையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் சொந்தமானதை ஒருவருக்கு எடுத்து விற்க யாருக்கும் உரிமை இல்லை. அதற்கும் முன்பே, 2010-ல், மும்பையிலிருந்து போன ஒரு வழக்கில், தூண்தளத்துக் கார் நிறுத்தும் இடத்தைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த மாடிக்குக் கூடுதலாகக் கேட்ட பணத்தை நாங்கள் கொடுத்திருந்தால், கைக்கு ஒரு பூட்டும் சாவியும்தான் வந்திருக்கும். நாளைக்கே மற்ற வீட்டுக்காரர்கள் சேர்ந்து வந்து கேட்டால் திறந்துவிட வேண்டியதுதான்.

மகள் அழுதுவிட்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்த ராத்திரிதான் எங்களுக்குப் பாடம். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வரைபடம், பிறகுதான் படியேறுவது என்று வைத்துக்கொண்டோம்.

பாதி மாடி பிறந்த கதை

இந்த வீடு எப்படி மாடியோடு பிறந்தது தெரியுமா? தமிழ்நாட்டில் சாதாரணக் குடியிருப்புக் கட்டடம் என்றால், பொதுவாக நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை தளம் கட்டலாம். எஃப்.எஸ்.ஐ. என்பது அதுதான். எங்கள் கட்டடத்தில் கீழே மூன்று மாடி முழுசாகக் கட்டி முடித்தபோது, நான்காவது மாடிக்குப் பாதி அளவுதான் மிச்சம் இருந்தது. அந்தப் பாதியில் வீடு. மீதிப் பாதி, மூன்றாவது மாடி வீட்டின் தலைக்கு மேல் திறந்தவெளி. கணக்கில் மிஞ்சிய இடம் எங்களுக்கு வானமாகிவிட்டது!

வரைபடத்தில் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு, எங்கள் வீட்டு எண்ணை எழுதி, ‘தனி உபயோகத் திறந்த மாடி’ என்று குறித்திருந்தது. ரெரா சட்டமே இப்படிப்பட்ட மாடிக்குத் தனியாக இலக்கணம் சொல்கிறது: வீட்டோடு ஒட்டியது, அந்த வீட்டுக்காரரின் தனி உபயோகத்துக்கு உரியது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. கார்பெட் ஏரியா கணக்கில் இந்த மாடியைச் சேர்க்கக் கூடாது. அதனால் விலை பேசும்போது வீட்டுக்கு ஒரு விலை, மாடிக்கு ஒரு விலை என்று பிரித்துக் கேட்டோம். கட்டுநர்களில் சிலர் மாடிக்கு வீட்டு விலையில் கால் பங்கு கேட்கிறார்கள், சிலர் பாதி கேட்கிறார்கள். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கில் முடிந்தது. அதற்கே மூன்று முறை காபி குடிக்கப் போக வேண்டியிருந்தது!

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத சிறிய திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. எங்கள் கட்டடம் இரண்டையும் தாண்டியது. பதிவு எண் இருந்தது. ஆணையத்தில் கொடுத்திருந்த வரைபடமும் எங்கள் கையில் இருந்ததும் ஒன்றுதானா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒப்பந்தம் பதிவாகும் முன்னால் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் சட்டம். அதன்படியே கொடுத்தோம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, நிலத்தில் எங்களுக்கு வரும் பிரிபடாத பங்கு எல்லாவற்றையும் வக்கீல் வரி வரியாகப் படித்தார்.

பத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் சொத்து விவரம். வீட்டுக்கு ஒரு நாலெல்லை, மாடிக்குத் தனியாக ஒரு நாலெல்லை. கிழக்கே தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவர். வடக்கே பக்கத்து மனையைப் பார்த்த கைப்பிடிச் சுவர். தெற்கே லிப்ட் சுவர். மேற்கே எங்கள் கூடம். வக்கீல் படித்துக்கொண்டே வந்தார். மகள் கேட்டாள், “மேலே எல்லை எது?” அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டோம். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “மேலே எல்லை எழுதற வழக்கம் இல்லம்மா” என்றார். அன்றே இந்த வீட்டுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

தண்ணீர் கட்டிய மூன்று நாள்

இப்போது குனிந்து தரையைப் பாருங்க. வெள்ளை ஓடு பதித்திருக்கிறது. கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். ஒரு கோலிக்குண்டை வையுங்களேன். மெல்ல உருண்டு, அதோ அந்த மூலைக்குப் போகிறதா? அதுதான் வாட்டம். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு. மொட்டை மாடியின் உயிரே இந்த வாட்டத்தில்தான் இருக்கிறது என்று எங்கள் மேஸ்திரி சொல்வார்.

ஓட்டுக்கு அடியில் என்னென்ன இருக்கிறது என்று நான் ஒவ்வொரு நாளும் வந்து பார்த்திருக்கிறேன். முதலில் கான்கிரீட் தளம். அதன் மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, இரண்டு கை. தரையும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையெல்லாம் கூராக விடாமல், உருண்டையாகச் சிமெண்ட் பூசி, பூச்சைச் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் வாட்டம் கொடுத்த சிமெண்ட் படுகை. அதற்கு மேல் ஓடு.

இதையெல்லாம் பார்க்க அத்தையை ஒரு நாள் கூட்டி வந்தேன். அவர் பிறந்தது மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டில். அது ‘மெட்ராஸ் டெரஸ்’ வீடு. தேக்கு உத்தரங்களை வரிசையாக அடுக்கி, மெல்லிய செங்கற்களைக் குத்தலாகச் சுண்ணாம்பில் பதித்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். “தட்டற சத்தமும் பாட்டும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஒரு சொட்டு ஒழுகாது, தெரியுமா” என்று அத்தை சொன்னார். எங்கள் மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். “எங்க தாத்தா அந்த வேலை செஞ்சவருதாம்மா” என்றார். அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

புரட்டாசிக் கடைசியில், ஐப்பசி மழைக்கு முன்னால், தண்ணீர் கட்டிப் பார்க்கும் நாள் வந்தது. ஓடு பதிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. வடிகுழாய்களின் வாயைத் துணியும் சிமெண்டும் வைத்து அடைத்தார்கள். மூன்று அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். மாடி முழுக்க ஒரே குளம்! மேகம் அதில் மிதந்தது. மூன்று நாள் அப்படியே விட வேண்டும்.

கீழே, மூன்றாவது மாடி வீட்டை வாங்கியிருப்பவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எல்லாரும் டீச்சரம்மா என்றே கூப்பிடுகிறோம். அவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டார். குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதைச் சுற்றி அவர் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதியிருந்தார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார்: “பயப்படாதம்மா. இப்பவே தெரிஞ்சது நல்லதுதான். உங்க தரைதானே எங்க கூரை?”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இந்த மாடி முழுசாகப் புரிந்தது. அதுவரைக்கும் நான் வானத்தை வாங்குகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வானத்தோடு சேர்த்து இன்னொருவர் தலைக்கு மேல் இருக்கும் கூரையையும் என் பொறுப்பில் வாங்கியிருக்கிறேன். இந்த மாடியில் நான் வைக்கிற ஒவ்வொரு தொட்டியும், அடிக்கிற ஒவ்வொரு ஆணியும் டீச்சரம்மாவின் கூடத்துக்கு மேல்தான்.

கட்டுநரின் ஆட்கள் குழாயைச் சுற்றி வெட்டி எடுத்து, புதிதாக அடைத்து, பூச்சைத் திரும்பப் போட்டார்கள். மறுபடி மூன்று நாள் தண்ணீர். மறுபடி டீச்சரம்மா, நாற்காலி, சுண்ணாம்புக் கட்டி. இந்த முறை ஒரு பொட்டு ஈரம் இல்லை! அவர் மேலே ஏறி வந்து, அந்தக் குளத்தில் கால் நனைத்துவிட்டுப் போனார். வீடு கைக்கு வந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன முப்பது நாளுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்று ரெரா சொல்கிறது. எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டியது நம் வேலை.

ஒரு லட்சம் லிட்டர்

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்க. எனக்கே பிரமிப்பு அடங்கவில்லை. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. 780 சதுர அடி என்றால் ஏறக்குறைய 72 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்க: இந்த ஒரு மாடியில் மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது! 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி எட்டு வந்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு.

இன்னொரு கணக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழை இந்த மாடியில் விழுந்தால் ஒரு நாளில் 35,000 லிட்டர். அதனால்தான் ஒரு மூலைக்கு ஒன்றாக இரண்டு வடிகுழாய் கேட்டு வாங்கினோம். ஒன்று மாவிலையும் தென்னம்பாளையும் வந்து அடைத்துக்கொண்டால் மற்றொன்று வேலை செய்யும். இரண்டும் போய்ச் சேருவது கீழே இருக்கும் மழைநீர்க் கிணறு. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். ஐப்பசியில் முதல் மழை வந்த அன்று நாங்கள் நாலு பேரும் குடையோடு இங்கே நின்று, தண்ணீர் மூலைக்கு ஓடி, சுழன்று, குழாய்க்குள் இறங்குவதைப் பார்த்தோம். மகள் கைதட்டினாள்.

உள்ளே வரும்போது படி உயரம் என்று சொன்னேன் அல்லவா? அது ஆறு அங்குலம். நான் முதலில் கேட்டது கூடமும் மாடியும் ஒரே மட்டத்தில் ஓடும் கண்ணாடிக் கதவு. பத்திரிகைப் படங்களில் அவ்வளவு அழகாக இருக்கும்! பொறியாளர் முடியாது என்று சொல்லிவிட்டார். “புயல் நாள்ல காத்து மழையைத் தரையோட தள்ளிக்கிட்டு வரும் மேடம். 2016-ல வர்தா வந்தப்ப எத்தனை கூடத்துல தண்ணி அள்ளினோம் தெரியுமா?” என்றார். இப்போது அந்தப் படியில்தான் தினமும் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். வீட்டிலேயே நல்ல இருக்கை அதுதான்.

எந்த மூலையில் என்ன?

சரி, இனிமேல்தான் கொண்டாட்டம். வாங்க, ஒவ்வொரு மூலையாகப் போவோம்.

இது வடகிழக்கு. காலை வெயில் விழும் இடம். தைப் பொங்கல் பானை இங்கேதான் ஏறப் போகிறது. சூரியன் கைப்பிடிச் சுவருக்கு மேல் தலை நீட்டும்போது, கண்ணெதிரே பால் பொங்க வேண்டும். இருபது வருஷமாகக் கேஸ் அடுப்பில் குக்கருக்குப் பக்கத்தில் பொங்கல் வைத்துச் சூரியனைச் சுவரில் கோலமாகப் பார்த்தவள் நான். இந்த வருஷம் நேரிலேயே பார்க்கப் போகிறேன்!

வடக்குச் சுவரோரம் அத்தையின் ராஜ்யம். ஜவ்வரிசி வடாம், மோர் மிளகாய், மாவடுப் பருவத்தில் மாங்காய் வற்றல். அவருக்காக முழங்கால் உயரத்தில் ஒரு மேடைப் பலகை செய்யச் சொல்லியிருக்கிறோம். குனிய வேண்டாம். காக்கையை விரட்டக் குச்சி இப்போதே வந்துவிட்டது.

கிழக்குச் சுவரோரம் செடிகள். இங்கே ஒரு ரகசியம். மொட்டை மாடி என்றால் மண் கொட்டித் தோட்டம் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆட்கள் நடமாடும் மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் தாங்கும்படிதான் கணக்கிடுகிறார்கள். ஒரு அடி உயரம் ஈரமண் கொட்டினால் சதுர மீட்டருக்கு ஐந்நூறு கிலோவைத் தாண்டிவிடும். டீச்சரம்மாவின் முகம் கண்முன் வந்தது. பொறியாளர் வந்து, தளத்துக்கு அடியில் உத்தரம் ஓடும் இடமெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தார். கனமான தொட்டிகள் அந்தக் கோட்டின் மேல் மட்டும். மற்றவை எல்லாம் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பைகள். தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தொகுப்பிலும் இதே நார்க்கழிவும் பைகளும்தான். எல்லாம் செங்கல் மேல் நிற்கும், அடியில் தண்ணீர் தேங்காமல் காற்றுப் போக.

என்னென்ன செடி? குண்டுமல்லி ஆறு. செம்பருத்தி நான்கு. கறிவேப்பிலை, துளசி, தூதுவளை. சுவரில் ஏற சங்குப்பூ. உப்புக் காற்றையும் வெயிலையும் சட்டை செய்யாத காகிதப்பூ இரண்டு. மரம் எதுவும் கிடையாது. மாதம் ஒரு முறை சுவர் இடுக்கெல்லாம் பார்த்து, காக்கை எச்சத்தில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவது மகளின் வேலை என்று தீர்மானம் ஆகியிருக்கிறது. விட்டால் வேர் கான்கிரீட்டையே பிளந்துவிடும்.

நடுவில் எதுவும் வைக்கப் போவதில்லை. நிலா நாளில் பாய் விரித்து, அத்தை சாதம் பிசைந்து கையில் கையில் உருட்டிப் போட, சுற்றி உட்கார இடம் வேண்டாமா? மகளின் தொலைநோக்கியும் அங்கேதான்.

தெற்கே லிப்ட் சுவரை ஒட்டி ஊஞ்சல். சங்கிலி எவர்சில்வர். கடற்கரை இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பதால் சாதாரண இரும்பு இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். விளக்குகள் மழை தாங்கும் வகை. மாடிக்கென்று தனி மின்சுற்று, அதில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கூரை போடலாமே என்று ஐந்து பேராவது யோசனை சொல்லிவிட்டார்கள். போட மாட்டோம். வரைபடத்தில் இது திறந்த மாடி. தகரம் போட்டு அடைத்தால் விதிமீறல். அதோடு வானத்தை மூடவா இத்தனை பாடு பட்டோம்?

வெயில் நேரமும் காற்று நேரமும்

அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால்தான் ஓடு வெள்ளை. வெயிலைத் திருப்பி அனுப்பும். டீச்சரம்மாவின் கூடமும் சூடேறாது. மத்தியானம் யாரும் இங்கே வரத் தேவையில்லை.

ஆனால் வீடு மேற்கே இருக்கிறது பாருங்க. மூன்று மணிக்கு மேல் வீட்டு நிழல் மெல்ல மாடியில் இறங்கத் தொடங்கும். நான்கு மணிக்கு ஊஞ்சல் நிழலில். நான்கரைக்குச் செடிகள் நிழலில். கோடை நாளில் மத்தியானம் உள்ளே நுழையும் கடல்காற்று அதற்குள் நன்றாக வீசத் தொடங்கியிருக்கும். நிழலும் காற்றும் ஒன்றாக வந்து சேரும் மாடி எத்தனை பேருக்குக் கிடைக்கும்! இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஒரே நாளில் மூன்று முறை வந்து பார்த்தோம்: காலை ஏழு மணி, மத்தியானம் இரண்டு மணி, மாலை ஐந்து மணி.

நேற்று மாலை விளக்கு வைக்கும் நேரம் நாங்கள் நாலு பேரும் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தோம். சாமான் ஒன்றும் வரவில்லை. கோயில் பக்கமிருந்து மார்கழிப் பாட்டு காற்றில் வந்தது. இருட்டியதும், 1977-லிருந்து கடலுக்கு வழி காட்டிக்கொண்டிருக்கும் கலங்கரை விளக்கத்தின் ஒளி ஒரு முறை சுற்றி வந்து தென்னை மட்டைகளைத் தொட்டுவிட்டுப் போனது. மறுபடி வந்தது. மகள் எண்ணத் தொடங்கினாள். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. அத்தை மட்டும் தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லா தட்டியிருக்காங்க” என்றார்.

பால் காய்ச்சும் அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. முதல் பிரதி டீச்சரம்மாவுக்கு. மஞ்சள் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

நீங்களும் நகரத்தில் மாடியோடு ஒரு வீடு தேடுகிறீர்களா? ஆசையோடு தேடுங்க. கிடைக்கும். மூன்று காரியத்தை மட்டும் விடாதீங்க. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அந்த மாடி உங்கள் வீட்டு எண்ணில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்க. பத்திரத்தில் அதற்குத் தனியாக நாலெல்லை எழுதச் சொல்லுங்க. சாவி வாங்கும் முன் மூன்று நாள் தண்ணீர் கட்டச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்க. மேலே பார்த்தபடி அவரோடு பேசிக்கொண்டிருங்க. அந்தக் கூரை காய்ந்திருந்தால், மாடி உங்களுடையது.